படத்துக்குக் கீழே ஒரு வரி

டிசம்பர் பிறந்தாலே ரஃபியுதீனுக்குத் தலைவலியும் சேர்ந்தே பிறந்துவிடும். சிதம்பரத்தில் ஒற்றை அறையில் தனி ஆளாகப் போட்டோ ஏஜென்சி நடத்துகிறான். ஆளுக்கொரு கேமரா செல்போன் வந்தபிறகு அவன் படம் யாருக்கு வேணும்? கீரப்பாளையத்தில் பஸ் கவிழ்ந்தால், அவன் பைக்கை உதைத்துக் கிளம்புவதற்குள் படம் சென்னைக்குப் போயிருக்கும். இன்னமும் பத்திரிகைக்காரர்கள் கேட்பது அவனுடைய ஒரே ஒரு படத்தைத்தான். சுனாமிப் படம்.

2004இல் கடலூர்க் குப்பம் ஒன்றில் எடுத்தது. செத்துப்போன ஏழு வயசுப் பையனை மடியில் போட்டுக்கொண்டு ஒருத்தி கதறுகிறாள். பேர் கேட்க அன்றைக்கு அவனுக்கு வாய் வரவில்லை. நேரே நெட் சென்டருக்கு ஓடி, ‘மகனைப் பறிகொடுத்த தாய்’ என்று ஒரு வரி தட்டி அனுப்பிவிட்டான். அந்தக் குப்பத்தில் யார் வீட்டுச் சாவானாலும் எல்லாப் பெண்களும் பெற்றவளைப் போலத்தான் அழுவார்கள். இந்த மடையனுக்கு அது தெரியவில்லை.

அழுதவள் பக்கத்து வீட்டுப் பூவம்மாள். பெற்றவள் சின்னம்மாள் அப்போது ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். மறு வருஷம் அதே படம் வந்த பேப்பரோடு பஸ் ஏறி வந்து நின்றாள். சண்டையெல்லாம் போடவில்லை. பையன் பேர் தமிழ்வேந்தன், பெற்றவள் நான், அதைப் போடச் சொல்லு தம்பி என்றாள், அவ்வளவுதான். அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து வருஷா வருஷம் திருத்தம் எழுதி எல்லாருக்கும் மெயில் அனுப்புவான், போன் போடுவான். சரி சார் என்பார்கள். ஆனால் பழைய வரியோடு அந்தப் படம் அவரவர் கம்ப்யூட்டரில் கிடக்கிறதே, அதைத்தான் எடுத்துப் போடுவார்கள். ஜனவரியில் சின்னம்மாள் வருவாள். சலித்துப்போய், படத்தையே யாரும் போடக் கூடாதென்று சொல்லிவிடட்டுமா என்று ஒருதரம் கேட்டான். அவள் பதறிப்போனாள். வீட்டிலிருந்த படமெல்லாம் கடலோடு போய்விட்டது, பையனுக்கு இருப்பது இது ஒன்றுதான்.

2011 டிசம்பர் இருபத்தாறு. பேப்பரைப் பிரித்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் எழுதி அனுப்பியது இரண்டு பெண்கள் பேரையும். எவனோ இடமில்லையென்று வெட்டிச் சுருக்கியிருந்தான்: ‘மகன் தமிழ்வேந்தனை மடியில் ஏந்திக் கதறும் தாய் சின்னம்மாள்.’ முகமோ பூவம்மாளுடையது.

இந்தத் தடவை சின்னம்மாள் வரட்டும் என்று காத்திருக்க மனசு கேட்கவில்லை. பைக்கிலேயே குப்பத்துக்குப் போனான். அவளும் பூவம்மாளும் மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார்கள். வரியைப் படித்துக் காட்டி, மறுபடியும் தப்பாப் போச்சுக்கா, நாளைக்கே போன் போடுறேன் என்றான்.

சின்னம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேப்பரை வாங்கினாள். பையன் பேர் எது என்று கேட்டாள். காட்டினான். அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“போன் எல்லாம் போடாத தம்பி. நான் இல்லாத நேரத்துல எம்புள்ளைய மடியில வச்சிருந்தவ இவதான். மூஞ்சி இவளோடதாவே இருக்கட்டும்.”