மூடிய குழிகள்

கடப்பாரையோடு வந்த பங்காரு ஆசாரி, புது மாதா கோயில் தரையில் குழிகளைத் தேடி அலுத்துப்போனார். பழைய கூரைக்கோயிலில் ஊர்க்காரர்களையும் சேரிக்காரர்களையும் பிரித்துவைத்த மரக்கிராதி வெளியே சாய்ந்திருந்தது. அதை இங்கேயும் நிறுத்தத்தான் கொத்தனார் நடுத்தரையில் குழி விட்டுப் போயிருந்தார். இப்போது கோயில் முழுக்க ஒரே வழவழப்பு.

"குழியெல்லாம் எங்கய்யா போச்சு?" என்று கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் சவரிமுத்து கத்தினார். விடிந்தால், சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் கோயிலை மந்திரித்துத் திறந்துவைக்க வருகிறார்.

"நான்தாங்க மூடிட்டேன்," என்றாள் தரை தேய்க்கும் சேரிப் பெண்களோடு நின்ற ரஞ்சிதம்.

யுத்தம் முடிந்த வருஷத்திலிருந்து சேரிப் பெண்கள் மலையடிவாரத்துக் கல்லைச் சுமந்தார்கள், சுண்ணாம்பு அரைத்தார்கள், கூழாங்கல்லால் தரையைத் தேய்த்தார்கள். ரஞ்சிதத்தின் உள்ளங்கைத் தோல் உரிந்தே போயிற்று. நாளை அவள் மகள் லில்லிக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். ரஞ்சிதம் தன் புதுநன்மையன்று, ஊர்ப் பிள்ளைகள் வாங்கி முடிக்கும்வரை கிராதிச் சந்தில் முகத்தை வைத்துக் காத்திருந்தவள். அந்தச் சந்தில் தன் மகள் முகத்தை வைக்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

"யாரைக் கேட்டு மூடினே?"

"தேய்க்கச் சொல்றப்போ எங்கள யாரு கேட்டாங்க? இந்தக் கைதான் தேச்சிது. இந்தக் கைதான் மூடுச்சி."

"திமிரப் பாத்தியா! பங்காரு, நோண்டுய்யா!"

ரஞ்சிதம் போய் நடுத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே உட்கார்ந்தால் என்ன, உட்கார்ந்தது உட்கார்ந்ததுதானே? அவளோடு கல் சுமந்த கன்னியம்மாள் கூடையைக் கவிழ்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள், கிராதி நிற்க வேண்டிய அதே இடத்தில்.

"பொம்பளைங்க மடியிலயா நோண்டச் சொல்றீங்க? வேற ஆளப் பாருங்க," என்று பங்காரு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

சத்தம் கேட்டு வந்த பங்குச் சாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார். உபதேசியார் அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"அம்மா, உன்ன எங்கெல்லாம் தேடிகினு வர்றேன்!"

சேரிக்காரர்களுக்கென்று விட்ட பக்கவாசல் வழியாக லில்லி ஓடிவந்தாள். சுண்ணாம்புத் தொட்டியை மிதித்து வந்த கால். பெண்களின் வரிசையைத் தாண்டி, பீடத்தின் படிவரை போய்த்தான் நின்றாள். பளபளத்த தரையில் அவள் பாதம் வெள்ளை வெள்ளையாகப் பதிந்து கிடந்தது.

"தொடைச்சி வுடு, எழுந்திரு," என்றார் உபதேசியார்.

ரஞ்சிதம் எழுந்திருக்கவில்லை.