எட்டிப் பிடித்த மரக்குதிரை

குதிரை ராட்டினத்தில் பின்னால் வருகிற குதிரை முன்னால் போகிற குதிரையை எட்டிப் பிடித்தது உலகத்திலேயே ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஏற்காட்டில். அந்தக் குதிரைமேல் உட்கார்ந்திருந்தவன் அடியேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஒண்டிக்கடை முக்கில் டீ குடிக்கிறவர்கள் நாற்பத்தாறு வருஷமாகச் சிரிக்கிறார்கள். காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். நான் சொன்னால் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தையும் தாண்டி மேகத்தில் போய்க் காய்க்கும் என்பார்கள். காய்த்தது, அது வேறு கதை.

முன் குதிரையில் இருந்தது அத்தாயி. பக்கத்துக் கிராமமான வாழவந்திக்காரி, கோடை விழாவுக்குத் தோழிகளோடு வந்திருந்தாள். வேண்டுமென்றேதான் பின் குதிரையில் ஏறினேன். அப்போது ராட்டினத்துக்கு மோட்டார் கிடையாது. தேவசிகாமணி கையால் தள்ளிச் சுற்றுவான். மூன்றாவது சுற்றில் நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. புலி என்று சொல்ல ஆசைதான், ஆனால் நாய்தான். அவன் கம்பியைப் பிடித்துச் சட்டென்று நிறுத்தினான். ராட்டினம் நின்றது, என் குதிரை நிற்கவில்லை. குதிரைகளை மாட்டியிருந்த மேல் வளையத்தில் தொங்கியபடியே வழுக்கிக்கொண்டு போய் அவள் குதிரையின் பின்புறத்தில் முட்டியது. அவள் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். அடுத்த தையில் எங்களுக்குக் கல்யாணம்.

என்ன சொன்னாள் என்பதில்தான் சிக்கல். கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லி வைத்தேன். ஒருவருக்குச் சொன்னதில், "வந்துட்டீங்களா மகாராசா" என்றாள். இன்னொருவருக்குச் சொன்னதில், என் கன்னத்தில் அறைந்தாள். தமிழ் வாத்தியாரிடம் சொன்னபோது ஒரு பாட்டே பாடினாள். அத்தாயி அடுப்படியில் நின்று கேட்டுச் சிரிப்பாளே தவிர, திருத்தமாட்டாள்.

போன ஐப்பசியில் அவள் போய்ச் சேர்ந்தாள். காரியமெல்லாம் முடிந்து ஊடு வெறிச்சென்றானதும் அவள் நிஜமாகச் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. நான் கட்டிவிட்டதெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது, அவள் சொன்னது மட்டும் இல்லை. குரல் கேட்கிறது, வார்த்தை கேட்கவில்லை.

பக்கத்தில் நின்று கேட்ட இன்னொருத்தன் தேவசிகாமணிதான். அவனோ, அப்படியொன்று நடக்கவே இல்லை என்று அன்றிலிருந்து சாதிக்கிறவன்.

நேற்று அவனைப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ராட்டினத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, நூறு வருஷப் பழமை என்று பலகை வைத்திருக்கிறார்கள். குதிரையாவது முட்டுறதாவது என்று அவன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். எழுபத்தொரு வயசில் முட்டி கடகடக்க நான் ஏறினேன். முன் குதிரை காலியாக இருந்தது. ஏரியிலிருந்து பனி வந்து அதன் பிடரியை மறைத்தது, விட்டது. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நடுவில் அதே ஒன்றரை முழம்.

இறங்கி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏப்பா ரைட்டரே, புடிச்சுட்டியா? இன்னிக்கு என்ன, பாட்டா, அறையா?" என்றான்.

"தெரியலடா. அவ என்ன சொன்னான்னு எனக்கு மறந்துபோச்சு."

என் முகத்தில் புளுகைத் தேடினான். நொம்ப நேரம் தேடினான். பிறகு ராட்டினத்தின் மேல் வளையத்தையே பார்த்தபடி பேசினான். விழாப் பந்தலுக்கு அவசரமாக வேண்டுமென்று அன்று காலையில் என் குதிரையை அந்த வளையத்தோடு இறுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றியவன் அவனாம். திரும்ப மாட்ட மறந்திருக்கிறான். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அப்போது மறைத்தானாம். அப்புறம், இத்தனை வருஷம் பொய் சொல்லியாயிற்றே என்ற வெட்கம்.

"என்ன சொன்னாடா?" என்றேன்.

"ஒண்ணும் பெருசா இல்லப்பா. 'ஏனுங்க, அடிகிடி படலீங்களே'ன்னுச்சு. நீதான் பேச்சு வராம அந்தப் புள்ளையவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்த." தடியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "முட்டுச்சு, வெங்கடாசலம். நான் என் கண்ணால பாத்தேன்."