நாற்பத்தொரு வெற்றுச் சீட்டுகள்

வெயில் ஏறுவதற்குள் மேட்டு நிலத்தில் கால் வைத்துவிட வேண்டும். ஏறிவிட்டால் கையிலுள்ள கருவியின் திரை கண்ணுக்குத் தெரியாது. திரையில் ஒரு புள்ளி காட்டும். அது எங்கே விழுந்திருக்கிறதோ அங்கே போய் நிற்பதுதான் எங்கள் வேலை. புள்ளிக்கு வேலி தெரியாது, பள்ளம் தெரியாது. முள்ளுக்குள் விழுந்திருந்தால் முள்ளுக்குள்தான் நுழைய வேண்டும். நுழைந்து நாலு முளை அடித்து, சுற்றிக் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் இருக்கிற கதிரை அறுத்து, அடித்து, தூக்குத் தராசில் நிறுத்து, சீட்டில் எழுதிப் படம் எடுக்க வேண்டும். எங்களுக்கு நடைக்காரர்கள் என்று பெயர்.

வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோளும் அதே நிலத்தைப் படம் எடுக்கிறது. அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தப் படத்தில் வயலுக்கு வயல் எல்லை வரைந்து நிறம் அடிப்பார்கள். பயிர் இருந்தால் பச்சை, கருகியிருந்தால் மஞ்சள். அவர்கள் அடித்த நிறம் சரியா என்று சொல்வது எங்கள் சீட்டு. அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் எந்தப் பகுதிக்கு நிவாரணத் தானியம் அனுப்புவது, எதற்கு நிறுத்துவது என்று உணவுத்துறை முடிவு செய்கிறது.

அந்தப் பட அறையில், மின்விசிறிக்கு நேர் கீழே, சுழலும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் என் ஓரகத்தி. என் கொழுந்தன் பெண்டாட்டி. போன வருஷம் வரை என்னோடு முள்ளில் நடந்தவள்தான். பட அறைக்குப் பரீட்சை வைத்தார்கள், இருவரும் எழுதினோம், அவள் தேறினாள். ஆறே மாதத்தில் அவள் குதிகால் வெடிப்பெல்லாம் மூடிவிட்டது. ஒரே வீடு, ஒரே குளியலறை. தினமும் அந்தக் குதிகாலைப் பார்த்துக்கொண்டுதான் நான் வாளியைத் தூக்க வேண்டும். உட்கார்ந்தே வேலை பார்க்கிறவளுக்கு இடுப்பு வலிக்கும் என்று மாமியார் அவளுக்குத்தான் முதலில் சோறு போடுவாள். என் இடுப்பு என்ன இரும்பா? இதில் அவள் வேறு "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். சண்டைக்காரியாக இருந்திருந்தால் கூட வயிறு இவ்வளவு எரிந்திருக்காது.

இந்த முறை மேட்டில் என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன். சோளம் முளைத்த சூட்டோடு கருகிப் போயிருந்தது. பிறகு தாமதமாக ஒரு மழை பெய்து, முழங்கால் உயரத்துக்குக் களை தளதளவென்று எழுந்து நின்றது. ஒருத்தி குனிந்து அந்தக் களையின் இலையைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இதையா தின்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வேகவச்சு தண்ணிய வடிச்சுட்டுத் தின்னா வயித்து வலி கொஞ்சம் கம்மியா இருக்கும். மாசா மாசம் வர்ற தானியம் பத்து நாளைக்குத்தான் வருது. மிச்ச நாளைக்கு இதுதான்" என்றாள்.

சீட்டில் 'பயிர் இல்லை, களை' என்று எழுத வேண்டும். எடையே இல்லையென்றால் எடைக் கட்டத்தை விட்டுவிட்டு அடியில் அப்படி ஒரு வரி எழுதுவது எங்கள் வழக்கம். சீட்டு முழுக்க வெறுமையாக இருந்தால், நடைக்காரர் அங்கே போகவேயில்லை என்று பட அறையில் அர்த்தம். அப்போது படத்தில் தெரிகிற நிறத்தையே அடித்துவிடுவார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே பதினோரு நாளில் நாற்பத்தொரு புள்ளிக்கும் வெற்றுச் சீட்டு கொடுத்தேன். மேட்டுப் பகுதி அவள் பங்கு. களைக்குப் பச்சை அடிப்பாள், துறை ஆட்கள் நேரில் வந்து பார்ப்பார்கள், அவள் மூக்கு உடையும். அவ்வளவுதான் நினைத்தேன். அந்த மேட்டில் எத்தனை வயிறு இருக்கிறது என்பது என் புத்தியில் ஏறவேயில்லை.

சீட்டெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாள் காலை, துறையிடம் இந்த வேலையை ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிற எங்கள் முதலாளி எல்லோரையும் பட அறைக்கு வரச் சொன்னார். நடைக்காரர் ஒன்பது பேர், பட அறையில் ஆறு பேர். மேட்டுப் பகுதி பூராவும் பச்சை, இவ்வளவு சுத்தமான வரைபடத் தாள் இதுவரை வந்ததில்லை என்று சொல்லி என் ஓரகத்திக்குக் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அப்புறம் சாவகாசமாக மற்றதைச் சொன்னார். தாள் சாயங்காலம் ஐந்து மணிக்குத் துறைக்குப் போகிறது, அடுத்த மாதத்திலிருந்து மேட்டுக்குத் தானியம் நிற்கும். படமே எல்லாம் சொல்லிவிடுவதால் இனி நடைக்காரர்கள் தேவையில்லை. விருப்பமுள்ளவர்கள் பாதிக் கூலிக்கு மாத முடிவு வரை இருக்கலாம்.

பொய் சொல்ல மாட்டேன். எனக்கு முதலில் வந்தது பசியைப் பற்றிய நினைப்பும் இல்லை, வேலையைப் பற்றியதும் இல்லை. இவளுக்குப் போய்க் கை தட்டுகிறார்களே என்றுதான் வந்தது. நான் வெட்டிய குழியில் நின்றுகொண்டே அவள் உயர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் தானியம் நிற்கும் என்ற சொல் காதில் விழுந்தது. நான் செய்த காரியம் என்னவென்று அப்போதுதான் உறைத்தது.

"அது பயிர் இல்லைங்க. களை" என்றேன்.

"சீட்டுல அப்படி எழுதலயே" என்றார் முதலாளி.

"நான்தான் எழுதல. நேர்ல போய்ப் பார்த்துட்டு, வேணும்னே வெறுமையா விட்டேன். இவ மாட்டிக்கட்டும்னு."

ஓரகத்தியின் முகம் வெளுத்துவிட்டது. முதலாளி என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் குரலைத் தணித்தார்.

"நடந்தது நடந்து போச்சு. பச்சைன்னா துறைக்கும் சந்தோஷம், நமக்கும் அடுத்த வருஷ வேலை கிடைக்கும். பட அறையில ஒரு நாற்காலி காலியா இருக்கு. நாளைக்கே வந்து உக்காரு."

கண்ணாடிக்கு அப்பால் அந்த நாற்காலி தெரிந்தது. அவளுக்குப் பக்கத்து நாற்காலி. ஆசை வரவில்லையா என்றால் வந்தது, நாக்கில் எச்சில் ஊறுகிற மாதிரி வந்தது.

"அதுல உக்காந்து நானும் களைக்குப் பச்சை அடிக்கணுமா?" என்று கேட்டேன்.

"படத்துல பச்சையா தெரிஞ்சா பச்சைதான்."

"அதத் தின்னுட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கிடக்கிறவங்க படத்துல தெரிய மாட்டாங்க."

அவர் குரல் மாறியது. "ஆதாரம் வச்சிருக்கியா? எடை போட்டியா? படம் எடுத்தியா? வெறும் சீட்டக் காட்டி என் தாள மாத்தச் சொல்றியா?"

கதவருகே ஓரகத்தி வந்து நின்றிருந்தாள். வரைந்தவர் ஒப்புதல் இல்லாமல் தாள் போகாது, அதை நான் இன்னும் கொடுக்கவில்லை என்றாள். நீ கொடுக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவன் கொடுப்பான் என்றார் முதலாளி. அவளுக்கு மறுபக்கத்து நாற்காலி வழுக்கைத்தலைக்காரர் எழுந்து, தானும் கொடுப்பதாக இல்லை என்றார். அவருக்கு அடுத்தவளும் எழுந்தாள். பிறகு ஆறு பேருமே நின்றார்கள்.

எங்களில் மூத்தவர் தாடிக்காரர். அதிகம் பேச மாட்டார். "ஆதாரம்தானே கேக்கறாரு. நாற்பத்தொரு புள்ளி, நாம பதினஞ்சு பேரு. பிரிச்சுக்கிட்டா நாலு மணிக்கு முடிச்சுடலாம். நேரா துறையிலயே கொண்டுபோய்க் குடுத்துடுவோம்" என்றார்.

"வாசலைத் தாண்டறவங்க திரும்பி வர வேண்டாம்" என்றார் முதலாளி.

முளைகளையும் கயிற்றுச் சுருளையும் எடுக்கிற சத்தம்தான் கேட்டது. அலுவலக வண்டி கிடைக்காது என்று தெரியும். சந்தைக்குச் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகப் போன லாரி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது.

முதல் புள்ளிக்கு நானும் அவளும் போனோம். முள்ளில் அவள் செருப்பு வார் அறுந்தது. அந்த வழுவழுப்பான குதிகாலில் ரத்தம் கோடாக இறங்கியது. ஒரு நொடி, ஒரே நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு என் செருப்பைக் கழற்றி அவள் பக்கம் தள்ளினேன்.

"எங்கிட்ட நேரா சண்டை போட்டிருக்கலாம்ல அக்கா?" என்றாள்.

"போட்டிருந்தா சிரிச்சே ஜெயிச்சிருப்ப."

அவள் சிரிக்கவில்லை. "வேலை முடியட்டும். வீட்டுக்குப் போய் உங்கள வச்சுக்கறேன்."

"வச்சுக்க" என்றேன்.

முளை அடித்தோம். சதுரத்துக்குள் ஒரு கதிர் கூட இல்லை. வெறும் தராசைத் தொங்கவிட்டு, முள் பூஜ்யத்தில் நிற்பதைப் படம் எடுத்தோம். சரிவில் அங்கங்கே மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகக் குனிந்து முளை அடிப்பது தெரிந்தது. அவள் பையில் முதலாளியின் அழைப்பு மூன்றாம் முறையாக அடித்து ஓய்ந்தது. துறையில் இதை வாங்குவார்களோ மாட்டார்களோ, எங்களில் ஒருவருக்காவது வேலை மிஞ்சுமோ மிஞ்சாதோ, யாருக்கும் தெரியாது.

அவள் முழங்காலில் சீட்டை வைத்து எழுத ஆரம்பித்தாள். என் எழுத்தைவிட அவள் எழுத்து அழகு. முத்து முத்தாக விழுந்தது. அதைப் பார்த்தும் எனக்கு எரிந்தது.

"அழுத்தி எழுதுடி. அடியில இருக்கிற நகல்லயும் விழணும்" என்றேன்.

அழுத்தி எழுதினாள்: 'பயிர் இல்லை, களை.' கீழே கையெழுத்துப் போட்டு, பேனாவை என்னிடம் நீட்டினாள். அவள் பெயருக்குப் பக்கத்திலேயே என் பெயரை எழுதினேன்.