கங்கப்பன் பார்த்துச் சொன்ன வீடு

கல்லாவி ஊர்க்காரர் சம்பங்கிக்கு அந்த வீடு பார்த்தவுடனே பிடித்துவிட்டது. கிழக்குப் பார்த்த வாசல், கொல்லையில் வற்றாத கிணறு, புதிதாய் அடித்த சுண்ணாம்பு. ஊரில் நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு நாலைந்து வருஷமாகக் கெலமங்கலத்தில் புளி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். குடியிருந்த வாடகை வீட்டில் மூட்டை அடுக்க இடமில்லை. செல்வம்மாள் தன் வீட்டை விற்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அச்சாரம் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

அவர் மனைவி காவேரி ஒத்துக்கொள்ளவில்லை.

"குந்தாரப்பள்ளி சந்தையில ஒரு மாடு புடிக்கணும்னா பல்லப் பாக்கறீங்க, சுழி பாக்கறீங்க, நாலு அடி நடக்க வுட்டுப் பாக்கறீங்க. வூட்டுக்கு மட்டும் சுண்ணாம்பப் பாத்தாப் போதுமா? கங்கப்பன் மேஸ்திரியக் கூட்டிப் போய்க் காட்டுங்க. அவரு சரின்னா வாங்கலாம்."

"மேஸ்திரியக் கூப்புட்டா நாலு கொற சொல்லத்தான் செய்வாரு."

"சொல்லட்டும். மழ வந்து சொல்றதுக்கு முன்னாடி மனுசன் சொல்லிட்டாத் தேவல."

ஐம்பத்தாறாம் வருஷத்து ஆடி மாசம் அது. காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் கங்கப்பன் வந்தார். நாற்பத்தைந்து வயசு. வீட்டில் கன்னடமும் தெருவில் தமிழும் வேலையாட்களிடம் தெலுங்கும் பேசுகிறவர். எந்த மொழியிலும் அதிகம் பேசமாட்டார். தான் கட்டின சுவரையே ஒரு மழை பார்த்த பிறகுதான் நல்ல சுவர் என்று சொல்வார் என்று ஊரில் அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

செல்வம்மாள் வாசலில் தண்ணீர் தெளித்து, சொம்பில் மோர் வைத்துக் காத்திருந்தாள். புருஷன் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் நாகம்மாவை மைசூர் எல்லை தாண்டி ஆனேக்கல்லில் கொடுத்திருந்தாள். "தனியா எதுக்கும்மா கெடக்கற, வந்துரு" என்று மகள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாள். வெறுங்கையோடு மருமகன் வீட்டு வாசலில் போய் நிற்கமாட்டேன் என்று செல்வம்மாள் பிடிவாதமாக இருந்தாள். அதற்காகத்தான் வீட்டை விற்கிறாள்.

கங்கப்பன் மோரை வாங்கிக் குடித்தார். வாசல் பக்கம் பார்க்கவே இல்லை. நேராகச் சந்துக்குள் போய்ப் பின்பக்கம் நின்றார். வீட்டை விற்கிறவர்கள் எல்லோரும் முன்பக்கம்தான் வெள்ளை அடிப்பார்கள், பின்பக்கம் பொய் சொல்லாது என்பது அவர் கணக்கு. பின்னறைச் சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு ஈரம் ஏறி உப்புப் பூத்திருந்தது. சுவர் நேர் பார்க்கும் தூக்குக்குண்டைக் கை எட்டின உயரத்திலிருந்து தொங்கவிட்டார். நூல் மேலே சுவரைத் தொட்டது. கீழே மூன்று விரல் இடைவெளி விட்டு நின்றது. சுவர் வெளியே சாய்ந்துகொண்டிருந்தது.

உள்ளே போனார். பின்னறையில்தான் அடுப்பு இருந்தது. மூலையில் கேழ்வரகு கொட்டிவைத்த மண்குதிர் இருந்தது. அதைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று கேட்டார். செல்வம்மாள் முகம் மாறியது. சம்பங்கியும் அவரும் சேர்ந்து நகர்த்தினார்கள். அதன் பின்னால் சாணி போட்டு மெழுகின விரிசல், கைவிரல் நுழையும் அகலத்துக்கு, தரையிலிருந்து விட்டம் வரைக்கும் போயிற்று. விட்டத்தின் முனையில் கடப்பாரையால் லேசாகத் தட்டினார். பறை மாதிரி சத்தம் கேட்டது. உள்ளே கரையான் தின்று வெறும் தோல்தான் மிச்சம்.

"அது நல்ல மரந்தாங்க," என்றாள் செல்வம்மாள். "நாங்க வூட்ட வாங்குனப்பறம் எங்க வூட்டுக்காரரு ராயக்கோட்டையில இருந்து வண்டி கட்டிக் கொண்டாந்து மாத்துனது."

கங்கப்பன் கையில் ஒட்டின தூசியைத் துடைத்துக்கொண்டார்.

முன்பகுதிக்கு வந்தார்கள். பெரிய கூடமும் ஓர் அறையும். கங்கப்பன் அண்ணாந்து பார்த்தார். விட்டம் கடப்பாரைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது; ஏறிப் பார்க்க ஏணி வேண்டும். பக்கத்து வீட்டு ஏணி, வீடு பூட்டிக் கிடந்ததால் கிடைக்கவில்லை. வேறு இடத்தில் ஆட்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். சுவரில் கையை வைத்துப் பார்த்தார். மண்பூச்சு, மேலே சுண்ணாம்பு. பின்னறையிலும் அதே பூச்சுதான்.

வெளியே வந்ததும் சம்பங்கி மெதுவாகக் கேட்டார். "என்னாங்க மேஸ்திரி?"

"வேணாம்."

"முன்னால நல்லாத்தான இருக்குது?"

"பின்னால இப்பிடின்னா முன்னால மட்டும் எப்பிடி இருக்கும்? ஒரே கை கட்டுனதுதான். இந்த ஐப்பசி தாங்குமோ என்னமோ."

செல்வம்மாள் நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சம்பங்கி அவள் முகத்தைப் பார்க்காமல், "யோசன பண்ணிச் சொல்றங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். யோசிக்க ஒன்றுமில்லை என்று மூவருக்கும் தெரியும்.

கெலமங்கலம் சின்ன ஊர். மேஸ்திரி வேண்டாம் என்று சொன்ன வீடு என்பது அடுத்த சந்தைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அந்த வீட்டைக் கேட்டு வரவில்லை. சம்பங்கி கடைத்தெருப் பக்கம் ஒரு காலிமனையை வாங்கி, கங்கப்பனையே வைத்து வீடு கட்டக் கடைக்கால் எடுத்தார்.

ஆவணியில் ஒருநாள் செல்வம்மாள் கங்கப்பன் வீட்டுக்கு வந்தாள். கங்கப்பன் மனைவி பாப்பம்மா பாயை விரித்து உட்காரச் சொன்னாள். செல்வம்மாள் உட்காரவில்லை.

"உங்க மேல கோவமில்லீங்க மேஸ்திரி. இருக்கறதத்தான் சொன்னீங்க. தளியில இருந்து ஒருத்தரு வந்து பாக்கறன்னு சொல்லியிருக்காரு. அவரு வந்து உங்களக் கேட்டா... ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போதும். நல்லாருக்குதுன்னுகூடச் சொல்ல வேணாம்."

கங்கப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "அதுல கொழந்த குட்டியோட ஒருத்தன் வந்து குடியிருப்பானேக்கா. கேட்டா சொல்லாம எப்பிடி இருக்கறது?"

"சரி," என்றாள் அவள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். "அவங்களுக்கு ஆகாத வூட்டுலதான நான் இருக்கறன்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா, இருக்கிற விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள். ஆனால் கங்கப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டை வாங்க வந்தவனுக்காகப் பார்த்தாரே தவிர, அதில் இருக்கிறவளுக்காக அவர் ஒரு நிமிஷமும் பார்க்கவில்லை.

"பின்னறையில படுக்காதீங்கக்கா. நான் வந்து ரெண்டு முட்டுக் குடுத்து வெக்கறன். அப்பறம் பாத்துச் செய்யலாம். காசு கீசு ஒண்ணும் வேணாம்."

"வாங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். தளிக்காரர் வரவேயில்லை.

அந்த வாரமே போயிருக்க வேண்டும். மரம்கூடப் பார்த்து வைத்தார். அதற்குள் ஓசூரில் ஒரு கட்டட வேலை வந்தது. தளம் போட்டு முடிக்கிறவரை நகர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போதெல்லாம் பாப்பம்மா ஞாபகப்படுத்துவாள். "அந்தக்கா வூட்டுக்கு முட்டுக் குடுக்கறன்னு சொன்னீங்களே?" அவரும் அடுத்த வாரம் என்பார். புரட்டாசி போயிற்று.

ஐப்பசி பத்தாம் தேதி வாக்கில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் விடியற்காலையில் விட்டு, லேசாக வெயிலும் வந்தது. ஓசூரில் வேலை நின்றிருந்ததால் கங்கப்பன் முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்தார். இன்றைக்கு எப்படியும் முட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கினபோதே கடைக்காரர் தீர்த்தகிரி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேஸ்திரி, செல்வம்மா வூடு..."

மழையில் நனைந்த சுவர் வெயில் பட்டதும்தான் விழும். கங்கப்பனுக்குத் தெரியாததல்ல. செல்வம்மாள் அவர் சொன்னபடி பின்னறையில் படுக்கவில்லை. முன்கூடத்தில்தான் படுத்தாள். ஆனால் அடுப்பு பின்னறையில் இருந்தது. காலையில் அங்கே கூழ் காய்ச்ச உட்கார்ந்திருந்தபோதுதான் சுவர் சரிந்து அவள் மேல் விழுந்திருக்கிறது. படுக்காதே என்று சொன்னவருக்கு, சமைக்காதே என்று சொல்லத் தோன்றவில்லை.

மண்ணை அள்ளி அவளை எடுத்தவர்களில் சம்பங்கியும் இருந்தார். காவேரி சந்தில் நின்று வாயில் முந்தானையை வைத்து அழுதாள். கங்கப்பனைப் பார்த்ததும் சொன்னாள்.

"தப்பிச்சோம்னு அன்னிக்கிச் சாமிக்குத் தேங்கா ஒடச்சன் மேஸ்திரி. அந்தம்மா உள்ள இருக்கறாங்கன்னு எனுக்குத் தோணவேயில்ல."

மத்தியானத்துக்கு மேல் நாகம்மா ஆனேக்கல்லிலிருந்து வந்தாள். அவள் கங்கப்பனைத் திட்டுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அதற்குத் தயாராக ஒதுங்காமல் நின்றார். அவள் யாரையும் திட்டவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அவரைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, மிச்சமிருக்கறதையும் நீங்களே இடிச்சுப் போட்டுருங்க. தெருப் புள்ளைங்க வந்து வெளையாடும். இன்னொரு உசுரு போவக் கூடாது."

மழை ஓய்ந்த பிறகு கார்த்திகையில் கங்கப்பன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். கூலியாள் யாரையும் கூப்பிடவில்லை. பின்னறையில் நின்றிருந்த கொஞ்சநஞ்சமும் அரை நாளில் சரிந்துவிட்டது. மறுநாள் முன்கூடத்துக்கு வந்தார். ஓடுகளை இறக்கினார். விட்டத்தைத் தட்டினார். கிண்ணென்று சத்தம் வந்தது. இன்னொரு தரம் தட்டினார். மரத்தில் ஒரு துளைகூட இல்லை. வேங்கை, வைரம் பாய்ந்தது.

இறங்கிச் சுவரில் கடப்பாரையை ஓங்கிப் போட்டார். மேலிருந்த மண்பூச்சு பாளமாக விழுந்தது. அதன் அடியில் கடப்பாரை நங்கென்று திருப்பி அடித்தது. உள்ளே கருங்கல். சுண்ணாம்பு அரைத்து, கல்லுக்குக் கல் பூட்டிக் கட்டின சுவர். ஓரிடத்திலும் ஈரம் இல்லை. தூக்குக்குண்டைப் போட்டார். நூல் மேலும் கீழும் ஒரே மாதிரி சுவரை ஒட்டி நின்றது.

முன்வீட்டைக் கட்டினது ஒரு கை. பின்னறையைப் பிற்காலத்தில் யாரோ அவசரத்தில் மண்ணை வைத்து ஒட்டவைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஓர் இடத்தில் பூச்சைச் சுரண்டிப் பார்த்திருந்தால் போதும். ஏணிக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தால் போதும். பின்னறையை மட்டும் இடித்துவிட்டு வாங்கிக்கோ, இந்த வீடு உன் பேரன் காலத்துக்கும் நிற்கும் என்று சம்பங்கியிடம் சொல்லியிருப்பார். சம்பங்கி வாங்கியிருப்பார். செல்வம்மாள் ஆவணியிலேயே ஆனேக்கல் போயிருப்பாள்.

கங்கப்பன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கூரையில்லாத கூடத்தில் உட்கார்ந்தார். வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்த சம்பங்கி அவரைப் பார்த்துத் திகைத்தார்.

"ஒடம்புக்கு என்னாங்க மேஸ்திரி?"

கங்கப்பன் சுவரைக் காட்டினார். சம்பங்கி கிட்டே போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கும் புரிந்தது. கல்லிலிருந்து கையை எடுக்காமலே, "வுடுங்க. வேணும்னு செய்யலியே" என்றார். அதற்கு மேல் அவராலும் நிற்க முடியாமல் போய்விட்டார்.

அன்றிரவு பாப்பம்மா சொன்னாள். "நடந்தது நடந்துபோச்சு. இதப் போய் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லி என்னா ஆவப் போவுது? மறுபடியும் ஒருதரம் அழுவா. அவ்வளவுதான்."

அவர் மறுநாள் காலையில் ஓசூர் போய், பஸ் மாறி, ஆனேக்கல்லில் இறங்கி, விசாரித்து விசாரித்து நாகம்மா வீட்டைக் கண்டுபிடித்தார்.

நாகம்மா வாசலில் பட்டுக்கூடு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். கங்கப்பன் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஏணி கிடைக்காததைச் சொன்னார். முன்வீட்டைப் பார்க்காமலே பார்த்த மாதிரி சொன்னதைச் சொன்னார். முட்டுக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு ரெண்டு மாசம் போகாமல் இருந்ததையும் சொன்னார்.

அவள் கூடுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"ஆவணியில நான் வந்து அம்மாவக் கூப்புட்டனுங்கண்ணா. வரமாட்டன்னுச்சு. வித்துட்டுத்தான் வருவன்னுச்சு. எனுக்குக் கோவம். வராட்டிக் கெடன்னு சொல்லிட்டு வந்துட்டன். அதுதான் கடைசியாப் பேசுனது." முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானு இத யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

கங்கப்பன் தண்ணீரைக் குடிக்காமலே சொம்பைக் கீழே வைத்தார்.

"பஸ்ஸு சாயந்தரந்தான்," என்றாள் நாகம்மா. "உக்காருங்கண்ணா. களி கிண்டறன்."

அவர் சுவரோரமாக உட்கார்ந்தார். உள்ளே அவள் அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து எழுந்துபோய், அவள் உட்கார்ந்திருந்த அடுப்படிச் சுவரை உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரைக்கும் ஒவ்வொரு சாணாகத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். நாகம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, மாவைக் கொட்டிக் கிண்டினாள்.