வாஷிங் மெஷினின் காலாவதித் தேதி

முப்பத்து நான்கு ஆண்டுகள் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவன் நான். அதாவது, ஊரார் தராசுகளைச் சந்தேகப்படுவதற்காகவே மாதச் சம்பளம் வாங்கியவன். நான் தெருமுனையில் திரும்பினாலே கடைவீதியிலுள்ள எடைக்கற்கள் எல்லாம் தாமாகவே பத்துப் பத்து கிராம் கூடிவிடும் என்று ஒரு பேச்சு இருந்தது. பேச்சைக் கிளப்பியவன் நான்தான் என்றாலும், பேச்சு இருந்தது உண்மை.

ஓய்வு பெற்ற அன்று அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சந்தேகத்தை யாரும் கேட்கவில்லை. அதை அப்படியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே, அடுத்த தெருவிலிருக்கும் மலிவு விலை மளிகைக் கடை ஒரு திங்கட்கிழமை காலை பருப்பு வரிசையைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் டி.வி., இஸ்திரிப்பெட்டி, குக்கர், மின்விசிறி, கூடவே ஏழு வாஷிங் மெஷின்களையும் கொண்டுவந்து நிறுத்தியபோது, தெருவே வேடிக்கை பார்க்கப் போனது. நான் மட்டும் விசாரிக்கப் போனேன்.

வெளியில் விற்கிற விலையைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. சோப்புத்தூளில் சில்லறை சில்லறையாக லாபம் பார்க்கிற கடை, வாஷிங் மெஷினை மட்டும் பாசத்திலா கொடுக்கும்? உள்ளே மோட்டார் இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுக் கேட்டேன். என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அதிலும் எதிரொலி அரை விநாடி தாமதமாக வந்ததுபோல் பட்டது.

வாஷிங் மெஷினில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் என் மனைவியின் வலது மணிக்கட்டு. இரண்டு மாதம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து எலும்பு விரிசல் கண்டது. அதே வாரத்தில், பதினேழு வருடம் உழைத்த எங்கள் பழைய மெஷினும் ஒரு முக்கல் முக்கிவிட்டு நின்றுபோனது. கட்டுப் பிரித்த டாக்டர், ஆறு மாதத்துக்கு ஒரு கைக்குட்டையைக்கூடப் பிழியக் கூடாது என்று சொல்லிவிட்டார். துவைக்கிற வேலை என்னிடம் வந்தது. நான் துவைத்த வெள்ளைச் சட்டைகள் உலக வரைபடம்போல் ஆயின. அதைச் சகிக்காமல் அவள் எனக்குத் தெரியாமல் படுக்கை விரிப்பின் ஒரு நுனியைக் குழாயில் சுற்றி, மறுநுனியை முறுக்கிப் பிழிந்திருக்கிறாள். மணிக்கட்டு பூரிக்கட்டை கனத்துக்கு வீங்கிவிட்டது. இன்னொரு தடவை பிழிந்தால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார், ஏதோ நான் பிழிந்ததுபோல.

"அந்தக் கடையில ஏழு மெஷின் நிக்குது. ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"பரிசோதனை நடந்துட்டிருக்கு."

"என்னைக் கட்டிக்கிறதுக்கே நீங்க இவ்வளவு பரிசோதனை பண்ணலியே."

"அப்ப நான் வேலைக்குச் சேரல."

புதிய பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணி போன மாதம்வரை அதே கடையின் காய்கறிப் பிரிவைப் பார்த்தவர். என் குறிப்பேட்டில் அவரைக் 'கத்தரிக்காய் மேடம்' என்று எழுதிக்கொண்டேன். பிரிவு மாறியிருந்ததே தவிரக் கை மாறவில்லை. காலையில் வந்ததும் பழைய சரக்கை முன்வரிசைக்கு நகர்த்துவார். இஸ்திரிப்பெட்டிகளின் மேல் ஈரத்துணியைப் போடப்போய், பாதி வழியில் நினைவு வந்து துணியை மடித்து வைத்துக்கொள்வார். ஒருநாள் குக்கர் மூடியின் ரப்பரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழுத்திருக்கிறதா என்று பார்த்தார் என்பதுதான் என் கணிப்பு.

நான்காவது முறை போனபோது ஒரு மெஷினின் முதுகுப்பக்கம் சின்ன வெள்ளைச் சீட்டு கண்ணில் பட்டது. பேக் செய்த தேதி. அதற்குக் கீழே, காலாவதி: 19. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. ஓய்வு பெற்றபின் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வாய்க்கவே இல்லை.

"மேடம், வாஷிங் மெஷின் ஊசிப்போகுமா?"

"போகாது சார்."

"பின்ன இது என்ன?"

அவர் குனிந்து பார்த்தார். "அதுவா. எங்க கம்ப்யூட்டர் மளிகைக்குன்னு செஞ்சது சார். காலாவதித் தேதி குடுக்கலன்னா சரக்கையே ஏத்துக்காது. அதனால எல்லாத்துக்கும் ரஸ்க்குக்குப் போடற நாப்பது நாளைப் போட்டுட்டேன்."

"டி.வி.க்கும்?"

"டி.வி.க்கும்தான். அது பரவால்ல, எல்லாம் வித்துருச்சு."

குழந்தைபோல் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். என் பணிக்காலத்தில் நான் அதிகமாக அபராதம் போட்டதே அந்த மாதிரி முகங்களுக்குத்தான். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. உள்ளே ஏதோ ஒரு சிறு கருவி வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் தேதி வந்ததும் மெஷின் தானாக மண்டையைப் போட்டுவிடும். அதனால்தான் இந்த விலை.

மாலையில் பூங்காவில் இதைப் பக்கத்து வீட்டு வங்கிக்காரரிடம் சொன்னேன். அவரும் என்னைப்போல் ஓய்வு பெற்றவர். நான் சொன்னது 'நின்னாலும் நிக்கலாம்' என்பதுதான். பூங்காவை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் அது 'நிச்சயம் நின்னுடும்' ஆகியிருந்தது. இரண்டாவது சுற்றில் மெஷின் வெடித்தது. மூன்றாவது சுற்றில் யாரோ ஒருவருடைய சகலை வீட்டில் ஏற்கெனவே வெடித்து, கூரையில் ஒரு காலுறை ஒட்டிக்கொண்டிருந்தது. நான் திருத்தவில்லை. நன்றாக வளர்கிற ஒரு சந்தேகத்தை நடுவில் வெட்ட எனக்கு எப்போதுமே மனம் வந்ததில்லை.

ஏழு மெஷினில் ஒன்றுகூட நகரவில்லை. தேதி நெருங்க நெருங்க, பழைய ரொட்டிக்கு விலை குறைப்பதுபோல் கம்ப்யூட்டர் அவற்றுக்கும் விலையைக் குறைத்தது. பதினாறாம் தேதி பாதி விலை என்று மஞ்சள் அட்டை தொங்கியது. "பாத்தியா? நல்ல பொருளை எவனாவது பாதி விலைக்குத் தருவானா?" என்று மனைவியிடம் வெற்றியோடு சொன்னேன். பதினெட்டாம் தேதி, அவள் தானே கடைக்குக் கிளம்பிப் போனாள். அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"நாளைக்கு மதியம் ரெண்டு மணிவரைக்கும்தான் பில் போட முடியுமாம்."

"ஏன் ரெண்டு மணி?"

"பாலுக்கு அதான் கணக்காம். காலாவதி ஆகற அன்னைக்கு ரெண்டு மணியோட கம்ப்யூட்டர் பூட்டிக்கும். அப்புறம் அந்தச் சரக்கை யாரும் எடுத்துப் பயன்படுத்தாத மாதிரி நாசம் பண்ணி, போட்டோ எடுத்து அனுப்பணுமாம். அந்தப் பொண்ணு தலைமை ஆபீசுக்கு மூணு தடவை எழுதிக் கேட்டிருக்கா. 'குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்'னு பதில் வந்திருக்கு."

"அப்ப ஏழு மெஷினையும் உடைக்கப் போறாங்களா?"

"பால் பாக்கெட்டுன்னா கிழிப்பாங்க. இதை என்ன பண்றதுன்னு அவளுக்கே தெரியல. யாரோ ஒரு பெரியவர் புரளி கிளப்பி விட்டுட்டாருன்னு புலம்புறா." என்னை நேராகப் பார்த்தாள். "நாளைக்கு நாம ஒண்ணு வாங்கறோம்."

"எடை பாத்துட்டு வாங்கலாம்."

"பாருங்க. ரெண்டு மணிக்குள்ள பாருங்க."

மறுநாள் ஒரு மணிக்கெல்லாம் கடையில் இருந்தோம். ஏழு மெஷின்களும் அட்டைப்பெட்டிக்குள் போய், கொல்லைப்புறக் கிடங்கில் வரிசையாக நின்றன. பக்கத்தில் மூட்டை நிறுக்கிற தரைத் தராசு. பெட்டியில் 'எடை 58 கிலோ' என்று போட்டிருந்தது. பெட்டியோடு நிறுத்தால் ஏமாற்றிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? பிரிக்கச் சொன்னேன். இரண்டு ஆட்கள் நாடாவை வெட்டி, தெர்மாகோலைக் கழற்றி, அடியிலிருந்த மரச்சட்டத்தை உருவி, மெஷினைத் தராசில் ஏற்றினார்கள்.

ஐம்பத்தொன்று.

"ஏழு கிலோ எங்க போச்சு மேடம்?" என்றேன், மிக மென்மையாக. பெரிய மீன் மாட்டினால் நான் மென்மையாகத்தான் பேசுவேன்.

"பெட்டி, சட்டம், தெர்மாகோல் எல்லாம் சேர்த்துத்தான் சார் ஐம்பத்தெட்டு."

"அதையும் பாத்துடலாமே."

"மணி ஒண்ணே முக்கால்" என்றாள் மனைவி.

"அஞ்சு நிமிஷம்."

சட்டத்தைப் பொருத்தினார்கள். தெர்மாகோல் ஒரு மூலையில் உட்காரவில்லை. கழற்றி மறுபடி வைத்தார்கள். நாடா தீர்ந்துபோய், ஒருவர் முன்பக்கம் ஓடி எடுத்து வந்தார். தராசில் ஏற்றினார்கள். ஐம்பத்தெட்டு. ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. என் பணிக்காலம் முழுக்க இவ்வளவு யோக்கியமான எடையை நான் பார்த்ததில்லை. அது யோக்கியமாக இருந்த நேரத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பில் போடுகிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனபோது மணி இரண்டு தாண்டி மூன்று நிமிஷம். கம்ப்யூட்டர் திரை சிவந்துபோய், 'காலாவதிச் சரக்கு. விற்கக் கூடாது' என்றது.

மெஷினை மறுபடி கிடங்குக்கே தள்ளிப் போனார்கள். பின்னாலேயே நாங்களும் போனோம். மேடம், பால் பாக்கெட் கிழிக்கிற சின்னக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு பெட்டிகளையும் ஒன்று மாற்றி ஒன்று பார்த்தார். மனைவி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்க, போகலாம். ஊறவெச்ச போர்வை கிடக்கு" என்றாள்.

அந்தப் போர்வையை நான் பிழிந்தால் அவள் மறுபடி பிழிவாள். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மேடம் திடீரென்று கத்தியை மடக்கினார். "சார், இந்தப் பெட்டியைப் பிரிச்சோம் இல்ல?"

"பிரிச்சோம்."

"நிறுத்தோம். திரும்பக் கட்டினோம்."

"அதுக்கு என்ன இப்ப?"

"மூட்டையைப் பிரிச்சு, நிறுத்து, திரும்பக் கட்டினா அது புதுச் சரக்கு சார். எங்க வழக்கம் அதான். தராசுல பட்டனை அமுக்கினா இன்னைக்குத் தேதியோட புதுச் சீட்டு வரும்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா அந்தத் தராசுல வாஷிங் மெஷின்னு ஒரு பேரே கிடையாது. காய்கறி மட்டும்தான் இருக்கு."

உள்ளே ஒன்று, சீட்டில் ஒன்று. என் சட்டப்படி அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. இரண்டாம் ரக அரிசியில் முதல் ரகம் என்று எழுதிய ஒருவரை மூன்று வருடம் கோர்ட்டுக்கு நடக்கவிட்டவன் நான். அவர் தாடி வளர்த்து, அது நரைக்கும்வரை பார்த்தவன். மேடம் என் முகத்தையே பார்த்தார். கிடங்கில் இருந்த ஒரே அதிகாரி நான்தான், பழைய அதிகாரி ஆனாலும். மனைவி யாரையும் பார்க்கவில்லை. வாசற்பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"என்ன காய்?" என்று கேட்டேன்.

மேடம் தராசின் பட்டியலில் விரலை ஓட்டினார். "பாதி விலைக்குக் கிட்ட வரணும் சார், கடைக்கு நஷ்டம் வரக் கூடாது. கேரட்… பத்தாது. பூண்டு சரியா வருது."

மனைவி திரும்பி வந்துவிட்டாள். "ஏம்மா, பூண்டு இப்ப யானை விலை விக்குது. வெங்காயமாப் போடேன்."

"வெங்காயம்னா ரொம்ப இறங்கிடும்மா. நாளைக்கு என் தலையில விடியும்."

"உடைக்கப் போறதுக்கு உடையாத விலை கேக்கறியே."

"அம்மா, உடைச்சா என் தப்பு இல்ல. வெங்காயம்னா என் தப்பு."

அந்த நியாயம் என் மனைவிக்குப் பிடித்திருந்தது. "சரி, பூண்டே போடு" என்றாள்.

மேடம் பெட்டியை மறுபடி தராசில் ஏற்றச் சொல்லி, பட்டனை அமுக்கப்போனார். திரையில் ஐம்பத்தெட்டு என்று நின்றது. என் கை தானாக நீண்டு அவரைத் தடுத்தது.

"மேடம், பெட்டியையும் பூண்டு விலைக்கா விக்கிறீங்க? ஏழு கிலோவைக் கழிங்க. நிகர எடைதான் சட்டம்."

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஏழு கிலோவைக் கழித்தார்.

மற்ற ஆறு பெட்டிகளும் அன்று மாலைக்குள் என்ன ஆயின என்று நான் விசாரிக்கவில்லை. மனைவி வழியெல்லாம் போனில் பேசிக்கொண்டே வந்தாள், அவ்வளவுதான் தெரியும். வங்கிக்காரர் வீட்டில் ஐம்பத்தோரு கிலோ இஞ்சி வந்து இறங்கியதாகக் கேள்வி.

மறுநாள் காலை, மெஷினை மாட்டிக் கொடுக்க கம்பெனி மெக்கானிக் வந்தார். உத்தரவாத அட்டையை நிரப்புவதற்கு பில்லைக் கேட்டார். கொடுத்தேன். அவர் பில்லைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அது எனக்கு நன்றாகப் பழகிய பார்வை, ஆனால் இத்தனை வருடமும் நான் அதன் மறுபக்கத்தில் இருந்தேன்.

"சார், இதுல பூண்டு, முதல் ரகம்னு போட்டிருக்கு."

"ஆமா."

"ஐம்பத்தோரு கிலோ."

"நிகர எடை."

"சார் எங்க வேலை பாத்தீங்க?"

சொன்னேன். அவர் பேனாவை எடுத்து அட்டையின் ஓரத்தில் ஏதோ எழுதி, அதன்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். கையை இன்னும் நகர்த்தினார்.

"தம்பி, கேக்கறதெல்லாம் அப்புறம் கேளுங்க. முதல்ல தண்ணிக் குழாயை மாட்டுங்க" என்றாள் மனைவி.

மாட்டினார். அவள் ஊறவைத்த போர்வையை உள்ளே போடச் சொல்லி, இடது கையால் பட்டனை அமுக்கினாள். தண்ணீர் ஏறியது, சுற்றியது, வடிந்தது. கடைசியில் மெஷின் வேகம் பிடித்துப் போர்வையைப் பிழிய ஆரம்பித்ததும், அவள் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அது நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை. மெக்கானிக்கும் நானும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து, ஒருவர்மேல் ஒருவர் ஒரு கண்ணை வைத்தபடியே நின்றோம்.