அப்பாவின் கல்லறைக்கு மூன்று மூட்டை

படகு வந்து சேர்ந்தது. அதில் ஏற்றிய கல் வந்து சேர்ந்தது. ஹெனெலி வந்து சேர்ந்தான். அவன் தம்பி லொபெட்டி மட்டும் வரவில்லை.

ஊரில் எல்லோரும் இந்த வரிசையில்தான் சொன்னார்கள். "மூணு மூட்டைக் கல்லும் சிந்தாம சிதறாம இருக்கு பாருங்க, கர்த்தரோட கிருபை" என்று ஒருவர் விடாமல் சிசிலியாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கிருபையைக் கேட்கும்போதெல்லாம் சிசிலியா கையை உருவிக்கொண்டாள். அவள் அவர்கள் இருவருக்கும் அக்கா. கல் வேண்டும் என்று சொன்னவளும் அவள்தான்.

அப்பாவை அடக்கம் செய்த பத்தாம் நாள் மணல்மேட்டின் மேல் கல் பரப்ப வேண்டும். எங்கள் தீவில் பெரும்பாலான வீடுகளில் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வெள்ளைப் பவளக்கல்லையே அள்ளி வந்து பரப்பிவிடுவார்கள். செத்தவர்கள் யாரும் எழுந்து வந்து குறை சொன்னதில்லை. ஆனால் சிசிலியாவின் அப்பா முப்பது வருடம் கோயிலில் பிரசங்கம் செய்தவர். அவருக்குக் கரைக்கல்லா? தோஃபுவாத் தீவிலிருந்து வர வேண்டும், அங்கே எரிமலைக்கடியில் கிடக்கிற கறுப்புக் கூழாங்கல், எண்ணெய் தடவினால் கண்போல் மின்னுவது. போன வருடம் எதிர்வீட்டுக்காரர்கள் அவர்கள் தாத்தாவுக்கு அந்தக் கல்லைத்தான் போட்டார்கள் என்பதும் ஒரு காரணம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

"அப்பாவுக்குத் தோஃபுவாக் கல்லுதான்" என்று தம்பிகள் இருந்த சமையல் கொட்டகைப் பக்கம் பார்த்து ஒரு தடவை சொன்னாள். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அக்கா பேச்சுக்குத் தம்பிகள் மறுபேச்சுப் பேசுகிற வழக்கம் எங்கள் டொங்கா நாட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வயது வந்த தம்பி அக்கா இருக்கிற அறைக்குள்ளேயே கால் வைக்கமாட்டான், பிறகல்லவா எதிர்த்துப் பேச. நான்காம் நாள் காலையில் இருவரும் படகை எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது காற்று மாறிவிட்டது. கல் பாரத்தில் படகு தண்ணீரோடு தண்ணீராக வந்திருக்கிறது. ஒரு அலை பின்பக்கமாக ஏறி விழுந்ததில் மோட்டார் நின்றுபோயிற்று. தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த லொபெட்டியை அடுத்த அலை கொண்டுபோயிற்று. மோட்டாரை மறுபடி கிளப்பி ஹெனெலி மட்டும் கரை சேர்ந்தான். ஒரு மூட்டையைக் கடலில் தள்ளியிருந்தால்கூடப் படகு மேலே வந்திருக்கும். "தள்ளலாமான்னு கேட்டேன். லொபெட்டிதான், அக்கா கேட்ட கல்லுன்னான்." ஹெனெலி இதைப் போலீஸ்காரரிடம் ஒருமுறை சொன்னான். மூன்று நாள் கடலில் தேடினார்கள். ஒரு சட்டைகூடக் கிடைக்கவில்லை.

இன்று ஒன்பதாம் நாள். பெண்கள் கல் கழுவிக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் பாயை விரித்து, நடுவில் மூன்று மூட்டையையும் அவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். கல்லை ஒவ்வொன்றாக நல்ல தண்ணீரில் கழுவி, துணியில் துடைத்து, பூ ஊறின தேங்காய் எண்ணெயைத் தடவிக் கூடையில் போட வேண்டும். லொபெட்டியின் மனைவி விக்கா கூட்டத்தின் ஓரத்தில் இருந்தாள். துக்கத்துக்குக் கட்டுகிற கிழிந்த பாயை மார்பு வரைக்கும் சுற்றி, முடியை அவிழ்த்துவிட்டு, தலை நிமிராமல் கழுவிக்கொண்டிருந்தாள். இந்த ஐந்து நாளில் அவள் அழுது யாரும் பார்க்கவில்லை.

"கல்லுக்கு ஊத்துற எண்ணெயில பாதியை என் தலைக்கு ஊத்தியிருந்தா எனக்கு இருபது வயசு கொறஞ்சிருக்கும்" என்றாள் ஃபிபே. ஜெபக்குழுவில் வாய் மூடாதவள் அவள்தான்.

"எண்ணெய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. ஊத்துறதுக்குத் தலையில முடி வேணுமில்ல" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். விக்காவைப் பார்த்ததும் சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டார்கள்.

சமாளிக்கிற மாதிரி ஃபிபே சொன்னாள். "அக்கா, அன்னைக்குக் கல்லைப் பத்திச் சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் மறுபடி சொல்லுங்க. மனசுக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு."

சிசிலியா ஜெபக்குழுவின் தலைவி. தம்பிகள் படகெடுத்த அதே காலையில்தான் பெண்களைக் கூட்டிவைத்து அந்தச் செய்தியைச் சொன்னாள். தோஃபுவாக் கல் நெருப்பில் பிறந்தது, கடல்தான் அதை அடித்து அடித்து வழவழப்பாக்கியது, விசுவாசியும் அப்படித்தான், நெருப்பும் கடலும் பட்டுத்தான் கர்த்தருடைய கைக்குப் பொருந்துவான். நன்றாகத்தான் சொன்னாள். பெண்கள் விம்மி விம்மி அழுதார்கள். அழவைத்த பெருமையில் அன்று மத்தியானம் அவளுக்குச் சாப்பாடுகூட இறங்கவில்லை.

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் இப்போது. கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தாள். "என் தம்பியை நான்தான் கொன்னேன், ஃபிபே."

"ஐயையோ, என்னக்கா பேச்சு இது. வாயில போட்டுக்குங்க. கர்த்தர் கொடுத்தார், அவரே எடுத்துக்கிட்டார்."

"கர்த்தர் கல் கேட்கல. நான் கேட்டேன்."

"அப்பாவுக்காகத்தானே கேட்டீங்க? அதுல என்ன தப்பு?"

ஆளாளுக்குத் தேற்றினார்கள். நேற்று போதகரிடம் போய்ச் சொன்னபோதும் இதேதான் நடந்தது. அவர் அவள் தலைமேல் கைவைத்து, துக்கத்தில் சாத்தான் இப்படியெல்லாம் நினைக்கவைப்பான் என்று ஜெபித்து அனுப்பிவிட்டார். ஹெனெலியிடம் ஆள்விட்டுக் கேட்டாள். 'அக்கா மேல ஒரு தப்பும் இல்ல' என்று பதில் வந்தது. தம்பி வேறு என்ன சொல்வான்? ஊரில் ஒருவராவது அவளை முகத்துக்கு நேரே திட்டினால் போதும், அவளால் மூச்சு விட முடியும். அவளுடைய பாவத்தை அவளிடம் கொடுக்கக்கூட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. ராத்திரி முழங்காலில் நின்றால் ஒரு வார்த்தை வருவதில்லை.

சாயங்கால ஜெபத்துக்குக் கோயில் மரமுரசு அடித்தது. பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். சிசிலியா எழவில்லை. "நீங்க போங்க, மிச்சத்தை முடிச்சிட்டு வர்றேன்" என்றாள். ஜெபக்குழுத் தலைவி ஜெபத்துக்கு வராமல் உட்கார்ந்திருப்பதை ஃபிபே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். விக்காவும் எழவில்லை.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கழுவினார்கள். உள்ளே பாட்டு ஆரம்பித்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் விக்கா. தலை நிமிரவில்லை.

"சொல்லு." திட்டப்போகிறாள் என்று நினைத்தாள் சிசிலியா. திட்டட்டும், வேண்டியதுதான்.

"அன்னைக்குக் காலையில அவரு என்னை உங்ககிட்ட அனுப்பினாரு."

"யாரு, லொபெட்டியா? எதுக்கு?"

"கடல் சரியில்ல, ரெண்டு நாள் கழிச்சுப் போறோம், அக்காகிட்ட கேட்டுட்டு வான்னாரு. அவரு வந்து கேட்க முடியாதில்ல, அதான் என்னை அனுப்பினாரு."

சிசிலியாவின் கை நின்றது. "நீ வரவே இல்லையே."

"வந்தேன், வாசல் வரைக்கும். உள்ள நீங்க கல்லைப் பத்திச் சொல்லிட்டிருந்தீங்க. எல்லாரும் அழுதுட்டிருந்தாங்க. எனக்கும் அழுகை வந்துச்சு. அந்த நேரத்துல நான் போய் நின்னு, கல்லு இப்ப வராதுன்னு எப்படிக்கா சொல்றது? பயமா இருந்துச்சு. அப்படியே திரும்பிட்டேன்."

"அவன்கிட்ட என்ன சொன்ன?"

விக்கா கழுவின கல்லையே மறுபடியும் தண்ணீரில் முக்கினாள்.

"அக்கா போகத்தான் சொன்னாங்கன்னு சொன்னேன்."

முதலில் சிசிலியாவுக்கு வந்தது சந்தோஷம். அதை என்னவென்று சொல்வது, சந்தோஷம்தான். ஐந்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கிப் போனதுபோல் இருந்தது. நான் இல்லை, இவள். நான் போகச் சொல்லவே இல்லை. அடுத்த நிமிடமே அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, புதைக்க ஒரு பிடி சதைகூட இல்லாமல், இன்னொருவர் கல்லறைக்குக் கல் கழுவிக்கொண்டிருக்கிறாள் இந்தப் பெண். வயது இருபத்தாறு. இன்னும் எத்தனை வருடம் அந்த வாசலில் போய் நின்று நின்று திரும்புவாளோ.

விக்கா அன்று உள்ளே வந்து சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிசிலியாவுக்கு அது நன்றாகத் தெரியும். முகத்தைச் சுளித்திருப்பாள். வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்திருப்பாள். சரி, ரெண்டு நாள் கழிச்சே போகட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள். லொபெட்டி அவள் இடுப்பில் வளர்ந்தவன். அவள் என்ன ராட்சசியா?

கையில் இருந்த கல்லைப் பார்த்தாள். நெருப்பும் கடலும் என்று அன்றைக்கு எவ்வளவு பேசினாள். இது அதெல்லாம் ஒன்றுமில்லை, வெறும் கல். மேலே எதைப் போட்டாலும் தாங்கும், யார் போட்டது என்று கேட்காது. தன்னுடையதல்லாத பழியைத் தலையில் வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் சிலுவைக்குப் போனார் கர்த்தர். அதைப் பற்றி இருபது வருடமாகப் பெண்களுக்குப் பாடம் நடத்துகிறாள். வாங்கிக்கொள்வது என்றால் இவ்வளவு கனம் என்று இப்போதுதான் தெரிந்தது. இந்தக் கல்லில் கர்த்தர் இருக்கிறார் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். பேசாமல், கனமாக, ஆறுதல் எதுவும் சொல்லாமல்.

"விக்கா, நிமிர்ந்து என்னைப் பாரு."

விக்கா பார்த்தாள்.

"நீ உள்ள வந்து சொல்லியிருந்தாலும் நான் போகத்தான் சொல்லியிருப்பேன்."

"இல்லக்கா, நீங்க அப்படி..."

"அப்பாவுக்குப் பத்தாம் நாள் கல்லு வேணும், கடலாவது காத்தாவதுன்னு உன்னைத் துரத்தி விட்டிருப்பேன். நீ அவன்கிட்ட சொன்னது நான் சொல்லியிருக்கப்போறதைத்தான்."

"நிஜமாவாக்கா?"

"நான் சொல்றேன். என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசுவியா நீ?"

"மாட்டேன்க்கா."

"அப்ப சரி."

கோயிலுக்குள் பாட்டு முடிந்து போதகரின் குரல் கேட்டது. விக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு வாய்விட்டே அழுதாள், புருஷன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். சிசிலியா அவளைத் தேற்றப் போகவில்லை. கூடையை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு, விக்கா முன்னால் கழுவாமல் கிடந்த கல்லையும் தன் பக்கம் தள்ளிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினாள்.