ஆண் அந்தின் தசைப் படம்

என் கெட்ட காலம், அன்றைக்கு அந்தப் படத்தைச் சேட்டுப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போனேன். கிழக்கில் சண்டை ஓய்ந்திருந்தது, வடக்கில் ஓயவில்லை. ஆகவே தன்னாமுனை இராணுவச் சென்றியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கிற எவனும் சந்தேகத்துக்குரியவன்தான். சிப்பாய் படத்தை விரித்தான். இரண்டு பக்கமும் வளைந்த கரை மாதிரிக் கோடுகள், நடுவில் ஒடுங்கிய வாய், உள்ளே எண்கள், எண்களிலிருந்து அம்புக்குறிகள். அவன் தெருவோரத்து வாவியைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். அவனைக் குற்றம் சொல்லமாட்டேன். அந்த நேரம் எனக்கே அது முகத்துவாரம் போலத்தான் தெரிந்தது.

என்னை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த கப்டனுக்கு நல்ல தமிழ் தெரிந்திருந்தது.

“இது எந்த இடம்?”

“இடமில்ல சேர். ஆண் அந்துப்பூச்சிட பின்பக்கம்.”

அவர் சிரிக்கவில்லை. நான் பல்கலைக்கழகக் கம்பஸில் விலங்கியல் படிப்பிக்கிறவன் என்று சொன்னேன். நெல்லின் தண்டைத் துளைக்கும் புழுவிலிருந்து வருகிற அந்துகளில் பல இனம் உண்டு, சிறகைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், ஆணின் வயிற்றை வெட்டினால்தான் பிடிபடும் என்றேன். வயிற்று நுனியில் பெண்ணைப் பற்றிக்கொள்ள இரண்டு கவ்விகள். இனத்துக்கு இனம் அவற்றின் வடிவம் வேறு. அந்தக் கவ்விகளைத் திறந்து மூடும் தசைகள்தான் என் ஆராய்ச்சி. படத்திலுள்ள எண்கள் தசைகள், அம்புகள் அவை இழுக்கும் பக்கம்.

“பூச்சிட அந்த இடத்தப் பார்க்கிறதுக்கு உங்களுக்குச் சம்பளம் தாறாங்களா?”

“ஓம் சேர்.”

“இத நான் நம்பவேணும்?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “நம்பாட்டி வீட்ட வாங்க. போத்தல் போத்தலாக் காட்டுறன்.”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். என் அறைத் தட்டு துடைத்துவிட்டதுபோல இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவனைப் பிடித்துவிட்டார்கள் என்று தகவல் வந்தால், வீட்டிலுள்ளவர்கள் அழுவதற்கு முன்னால் வீட்டைத்தான் துப்புரவாக்குவார்கள். படம், கடிதம், பழைய பற்றரி, கேள்வி வரக்கூடிய எல்லாம் அடுப்புக்கோ வாவிக்கோ போய்விடும். என் மனைவி நிருஷாவும் அதையே செய்திருந்தாள். ஸ்பிரிட்டில் ஊறிய என் அந்துகள் எல்லாம் வாவிக்குள். அவற்றைப் பெரிதாக்கிப் பார்க்கிற, கம்பஸ் முத்திரை குத்திய நுணுக்குக்காட்டி மட்டும் மேசையில் நின்றது.

“இஞ்ச ஒரு போத்தலும் இருக்கல்ல சேர்” என்றாள் அவள், என் முகத்தைப் பாராமல்.

கப்டன் என்னை ஒரு பார்வை பார்த்தார். நுணுக்குக்காட்டியையும் தூக்கிக்கொண்டு என்னைத் திரும்ப ஏற்றினார்கள்.

பொழுதுபட முகாம் விளக்கடியில் அந்துகள் வந்தன. கெஞ்சி ஒன்றைப் பிடித்தேன். ஆண். வயிற்றை மெல்ல அமுக்க நுனியில் கவ்விகள் இரண்டும் விரிந்தன. பிளேடு வாங்கி வெட்டி, உள்ளே கவ்வியின் அடியிலிருந்து ஓடும் தசை நார்களை ஊசியால் விலக்கி, வில்லைக்குக் கீழே வைத்தேன். கப்டன் குனிந்து பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். திரும்பக் குனிந்தார். மனுசன் என் மாணவர்களைவிடக் கவனமாகப் பார்த்தார், நாசமாய்ப்போன கவனம்.

“இது வேற” என்றார். “இதில கவ்வி கட்டை. படத்தில நீளம். தசையும் வேற பக்கம் போகுது.”

“இது வேற இனம் சேர்.”

“இனத்துக்கு இனம் வேற எண்டு நீங்கதான் சொன்னீங்க. அப்ப இந்தப் படத்துக்குரிய பூச்சி எங்க?”

“வாவிக்குள்ள.”

“நாளைக்கு உங்கள மேலிடத்துக்கு அனுப்புறன்” என்றார், கோபமேயில்லாமல்.

அப்படி அனுப்பப்பட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்களுடைய வீடுகளில் திவசம் கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் தெரியாமல் இருக்கிறார்கள். நான் அன்று கண்மூடவில்லை. பயத்தோடு பயமாக நிருஷாவையும் திட்டிக்கொண்டே கிடந்தேன்.

காலையில் அவள் முகாம் வாசலில் வந்து நின்றாள். கப்டன் பக்கத்தில் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

“படத்தில இருக்கிற பூச்சியக் கேக்கிறாங்க! எல்லாத்தையும் கொண்டுபோய் எறிஞ்சியே, இனி நான் எங்க போய் எடுப்பன்?”

அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“ஒண்டு எறியல்ல” என்றாள்.

ஒரு சிப்பாய் அவளோடு போய் எடுத்துவந்தான். சீனி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்த சின்னப் போத்தல். படத்துக்குரிய அதே இனம்! வெட்டி வில்லைக்குக் கீழே வைத்தேன். நீளக் கவ்வி, அடியில் குறுக்கே ஓடும் தசை, எல்லாம் படத்தில் இருந்தபடி. கப்டன் எண் எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்து, படத்தை மடித்து என்னிடம் நீட்டினார்.

“போங்க” என்றார்.

நுணுக்குக்காட்டியைக் கரியரில் கட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். சென்றி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் கேட்டேன்.

“அந்த ஒண்ட மட்டும் என்னத்துக்கு வெச்சிருந்தாய்?”

“அது போன மாசமே எடுத்து ஒளிச்சது. ஆசுபத்திரியில வேல செய்யிற வினாயகமூர்த்தி அண்ணனிட்டக் காட்ட.”

“என்னத்தக் காட்ட?”

“நீங்க சொல்றது மெய்தானோ எண்டு. பூச்சிட அதப் பார்க்க எந்த மனுசன் கதவப் பூட்டிக்கிட்டு இருப்பான்? இயக்கத்துக்கு ஏதும் செய்யிறீங்களோ எண்டு பயந்தன்.” நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். “உங்கள முழுசா நம்பியிருந்தா அது தட்டிலயே இருந்திருக்கும், அதையும் வாவியிலதான் போட்டிருப்பன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. சைக்கிளை மறுபக்கம் மாற்றிக்கொண்டு அவளுக்குப் பக்கமாக நடந்தேன்.

“இஞ்சேருங்க” என்றாள். “இப்பயாவது சொல்லுங்க. பூச்சிதானே? மறுகா வேற ஒண்டும் இல்லையே?”

“இல்லை” என்றேன்.

அவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள், கப்டன் வில்லைக்குள் பார்த்ததைவிட நீண்ட நேரம்.